ஒயர் வைத்த தாஜ்மஹால்

போன வாரம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை, பூங்கொத்து, ஆறிப்போன சமோசா எல்லாம் முடிந்து கிளம்பும்போது, மூன்றாம் வருட மாணவர் ஒருவர் என்னை ஓரம் கட்டினார். கையில் நீளமான ஒரு நோட்டு.

‘‘சார், நான்தான் எங்க டிபார்ட்மென்ட் ஐ.வி. கோஆர்டினேட்டர். டெல்லி போறோம். அதுல ஒருநாள் ஆக்ரா. டூர் பஸ் பேசியாச்சு. கைடும் அவங்களே தர்றாங்க. மத்தவங்களைவிட தலைக்கு முந்நூறு ரூபா கம்மி சார்!’’

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. அந்த நோட்டு எனக்குத் தெரிந்த நோட்டு. அந்தப் பிரகாசமும் ஒருகாலத்தில் என் மூஞ்சியில் இருந்ததுதான்.

அவருக்கு காலேஜ் வாசலில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன கதையை, உங்களுக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இந்த சீசனில் உங்களில் பாதிப் பேர் எங்கேயாவது மூட்டை கட்டுவீர்கள். மீதிப் பாதி, கட்டுகிறவர்களைப் பார்த்து வயிறெரிவீர்கள். இரண்டு கோஷ்டியும் கேட்கலாம்.

ஐ.வி. என்றால் என்னவென்று ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்களுக்காக ஒரு வரி. இண்டஸ்ட்ரியல் விசிட். ஏழு நாள் டூரில், ஒரு ஃபேக்டரிக்குள் இரண்டு மணி நேரம் போய், ஓடாத மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கேன்டீனில் டீ குடித்துவிட்டு வருவது. மீதி ஆறு நாள் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு பிரின்சிபாலிடம் வேறு பெயர் சொல்லியிருப்போம்.

2006 ஜனவரி முதல் வாரம். மாணவர்கள் 41 பேர், கூட இரண்டு சார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். வடக்கே பனி என்று பேப்பரில் படித்திருந்தோம். பனி என்றால் நமக்கு மார்கழி மாசக் கோலம், மங்கி குல்லா, அவ்வளவுதானே! அங்கே பனி என்பது ரயிலையே கட்டிப்போடுகிற சமாசாரம். (அந்த வாரக் கடைசியில், ஜனவரி 8-ம் தேதி, டெல்லியில் 0.2 டிகிரி பதிவானது. நல்லவேளை, அதற்குள் ஓடி வந்துவிட்டோம்.) ரயில் எட்டு மணி நேரம் லேட். வழியில் ஆக்ரா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் பேட்டா விற்றுக்கொண்டிருந்தார்கள், வெண்பூசணியில் செய்கிற ஆக்ரா ஸ்பெஷல் இனிப்பு. ஜன்னல் வழியாக வாங்கித் தின்றபடி, ‘‘ரெண்டு நாள்ல வர்றோம்டீ, தாஜ்மஹாலு!’’ என்று பையன்கள் கத்தினார்கள். ஆக்ராவுக்குள் நாங்கள் ஒழுங்காக அனுபவித்தது அந்தப் பேட்டா ஒன்றைத்தான் என்பது அப்போது தெரியாது.

லேட்டானதில் புரோகிராம் மொத்தமும் குலைந்தது. புதன் ஃபேக்டரி. சனிக்கிழமை ராத்திரி திரும்புகிற ரயில். நடுவில் வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு விடுமுறை. வளாகத்து மசூதியில் தொழுகைக்கு வருகிறவர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. இது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆக, வியாழன் ஒருநாள்தான். விட்டால் போச்சு.

புதன் சாயங்காலம் நானும் டிரெஷரரும் கரோல்பாக் பக்கம் டூர் ஆபீஸ்களில் ஏறி இறங்கினோம். முதல் ஆபீஸில் ஒரு சர்தார்ஜி தாத்தா. ‘‘தலைக்கு நானூறு. காலையில் அஞ்சு மணிக்குக் கிளம்பணும். முதலில் தாஜ். பிறகு கோட்டை. கடைக்கெல்லாம் வண்டி நிக்காது’’ என்றார். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து, பேரம் பேச இடமே இல்லாத குரல்.

இரண்டாவது ஆபீஸ், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. அங்கே ஓர் இளைஞர். ‘‘இருநூற்றைம்பது ப்ரதர். சிக்கந்த்ரா, கோட்டை, தாஜ், மதுரா, பிருந்தாவனம், கைடு எல்லாம் சேர்த்து. உங்க சாருங்க ரெண்டு பேருக்கு ஃப்ரீ. கோஆர்டினேட்டர் யாரு, நீங்களா? உங்களுக்கும் ஃப்ரீ!’’

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் அதையேதான் செய்தேன்.

இங்கே நம்ம ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். ஹாஸ்டலில் அவனுக்கு ஊர்ப் பெயர்தான் பெயர்... சேலம். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா தறி ஓட்டினார், அம்மா வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை. வகுப்பில் ஐ.வி.க்குக் கடைசியாகப் பணம் கட்டியவன் அவன்தான். சீட்டு எடுத்துத் தந்த காசு என்று எனக்கு மட்டும் சொன்னான். அவன் அம்மா போட்ட ஒரே கண்டிஷன்... ‘‘தாஜ்மஹாலைப் பக்கத்துல போய் நல்லாப் பாத்துட்டு வா. வந்து எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு.’’ ஊர் ஸ்டூடியோக்காரர் இரவல் தந்த ஒரு ஃபிலிம் கேமராவோடு வந்திருந்தான். ரோலில் 36 படம். டெல்லியில் நாங்கள் எல்லோரும் குதுப்மினாரைப் பிடித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் போட்டோ எடுத்துத் தள்ளியபோது, ஆக்ராவுக்கு வேண்டும் என்று எண்ணி எண்ணி எடுத்தான்.

வியாழன் காலை ஆறு மணிக்கு பஸ் என்று பேச்சு. வந்தது ஏழே முக்கால். டிரைவர் ராத்திரி முழுக்க ஹரித்துவார் சவாரி ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் பஸ் போன முதல் இடம் பெட்ரோல் பங்க். ‘‘டீசல் போடணும், மீதிப் பணத்தைக் கொடுங்க’’ என்றார்கள். கொடுத்தேன். வண்டி நகர்வதற்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்தவன் கையில் அதற்கப்புறம் என்ன பிடி இருக்கும்?

அப்போது யமுனா எக்ஸ்பிரஸ்வே கிடையாது. அது 2012-ல்தான் வந்தது. பழைய மதுரா ரோடுதான். பனியில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்தபடி பஸ் ஊர்ந்தது. ஹோடல் பக்கம் ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். டிரைவரும் கிளீனரும் தனி ரூமுக்குள் போய்விட்டார்கள். வெளியே ஒரு பரோட்டா நாற்பது ரூபாய். காலேஜ் மெஸ்ஸில் அந்தக் காசுக்கு இரண்டு நாள் ஓட்டலாம். பிறகு கோஸி. உத்தரப்பிரதேச எல்லை. வெளி மாநில டூரிஸ்ட் வண்டிகள் வரி கட்ட வேண்டிய இடம். டிரைவர் பேப்பரோடு இறங்கிப் போனார். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குரங்காட்டி, ஒரு பாசிமணிக்காரர், ஒரு பாம்புக்காரர். முக்கால் மணி நேரம். எச்.ஓ.டி. சார் மங்கி குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டு, பக்தியோடு தூங்கினார்.

சிக்கந்த்ரா வந்தபோது மணி ஒன்றரை. அக்பர் சமாதி இருக்கிற இடம். அங்கேதான் கைடு ஏறினார். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் மஃப்ளர், முழங்கையில் தேய்ந்த கோட்டு. மைக்கைத் தட்டி, ‘‘வணக்கம்! சாப்பிட்டீங்களா? ரஜினிகாந்த்!’’ என்றார். பஸ் அதிர்ந்தது. இந்த ஒரு டயலாக்கில் 41 பேரையும் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சுற்றுலாத் துறை அங்கீகரித்த கைடு என்றால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். இவருக்கு மஃப்ளர்தான் தொங்கியது. பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

‘‘இடது பக்கம் பாருங்க, அக்பர் சமாதி!’’ என்றார். எல்லோரும் இடது பக்கம் பார்ப்பதற்குள் அக்பர் பின்னால் போய்விட்டார்.

கோட்டையில் ஒரு மணி நேரம். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பிரமாதமாகப் பேசினார். பாதி கட்டுக்கதை. தாஜ்மஹால் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டிவிட்டார் என்று சொல்லி, தன் மணிக்கட்டில் கத்தி வைப்பது போல் நடித்தும் காட்டினார். பெண்கள் ‘ச்சொ ச்சொ’ கொட்டினார்கள். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இதற்கு ஆதாரம் இல்லை. யோசித்துப் பாருங்கள். தாஜ் வேலை 1632-ல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் நடந்தது. அதற்கு நடுவிலேயே, 1639-ல், டெல்லியில் செங்கோட்டையும் புது நகரமும் கட்ட ஆரம்பித்துவிட்டார் ஷாஜகான். கட்டுகிறவன் கையை வெட்டிவிட்டு அடுத்த கட்டடத்தை யாரை வைத்துக் கட்டுவாராம்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்பு தாஜ்மஹால் கட்ட நினைத்தார் என்பதும் இதே ரகம்தான். அந்த இடத்தில் 1990-களில் தோண்டிப் பார்த்தார்கள். பெரிய எண்கோணக் குளத்தோடு ஒரு தோட்டம் கிடைத்தது. கறுப்பு பளிங்கு அஸ்திவாரம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று உண்மை. 1658-லிருந்து 1666-ல் சாகும் வரை, எட்டு வருஷம் ஷாஜகானை அவர் பிள்ளை ஔரங்கசீப் அந்தக் கோட்டைக்குள்தான் அடைத்துவைத்திருந்தார். முசம்மன் புர்ஜ் என்கிற மாடத்துப் பக்கம் கூட்டிப்போய், கைடு கையை நீட்டினார். ‘‘இங்கிருந்துதான் ராஜா தினமும் தாஜ்மஹாலைப் பார்த்துப் பார்த்து அழுதார்!’’

41 பேரும் பார்த்தோம். வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. அதாவது, எல்லாமே வெள்ளையாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பனி.

‘‘ஷாஜகானுக்காவது தெரிஞ்சிருக்கு மச்சி’’ என்றான் சேலம், கேமராவை மூடிக்கொண்டே.

மணி மூன்றே கால். ‘‘அடுத்து தாஜ்தானே?’’ என்றேன். ‘‘தாஜ்தான் ப்ரதர். நடுவுல பத்து நிமிஷம். தாஜ்மஹால் எப்படிக் கட்டினாங்கன்னு தெரியாம உள்ளே போனா என்ன பிரயோஜனம்? ஸ்டூடன்ட்ஸ்தானே, டெக்னாலஜி பாருங்க!’’ என்றார். டெக்னாலஜி என்றதும் சாருக்குக்கூட முழிப்பு வந்துவிட்டது.

பஸ் ஒரு சந்துக்குள் நுழைந்து, பெரிய கேட்டுக்குள் போனது. அரசு அங்கீகாரம் பெற்ற கைவினை மையம் என்று போர்டு. வாசலில் ஓர் ஆள் எங்களைத் தலை எண்ணி, ஒரு சீட்டில் எழுதி கைடிடம் நீட்டினார். அதையும் பார்த்தேன். அட்டெண்டன்ஸ் போலிருக்கிறது என்று நினைத்தேன், போங்கள்!

உள்ளே, நிஜமாகவே நல்ல வித்தை. இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து, சின்ன சாணைச் சக்கரத்தில் கல் இதழ்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பளிங்கில் பூ வடிவம் குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள் வண்ணக் கல்லை வெட்டிப் பதிக்கிற வேலை. தாஜ்மஹாலின் சுவரில் இருப்பது இதுதான். பதித்த இடத்தில் விரலை ஓட்டினால் இணைப்பே தெரியாது. ஒரு செக்கச் சிவந்த கார்னீலியன் கல்லின் மேல் டார்ச் அடித்தார்கள். அடுப்புக் கங்கு மாதிரி எரிந்தது. மக்ரானா பளிங்குத் தட்டுக்கு அடியில் டார்ச் பிடித்தார்கள். வெளிச்சம் ஊடுருவி மேலே வந்தது. நகத்தால் கீறினார்கள், கோடு விழவில்லை. ‘‘ஒரிஜினல் மார்பிள்!’’

எல்லாம் சரி. அந்தச் சோதனை நடந்தது ஷோரூம் நடுவில் இருந்த தட்டில். எங்களுக்கு விற்றது மாடியில் இருந்த அலமாரியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படி. நாங்கள் ஏறினது கல்லை விட்டு இன்னொரு கல்லுக்கு என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தோம் என்று பெயர்!

சேலம் ஒரு குட்டி தாஜ்மஹால் முன்னால் நின்றுவிட்டான். அரை அடி உயரம். உள்ளே ஒரு சின்ன பல்பு, பின்னால் ஒயர், பிளக். ஸ்விட்ச் போட்டால் கோபுரம் மஞ்சளாக ஒளிரும். விலை 2,400. அவன் நகர்ந்தான். 1,800. படியிறங்கினான். 1,200. வாசலுக்கு வந்தபோது 900. அவனிடம் மிச்சம் இருந்ததே ஆயிரத்துச் சொச்சம். ‘‘அம்மா இதைப் பார்த்தா...’’ என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் பர்ஸை எடுத்தான்.

நான் தடுத்திருக்கலாம். மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போட, பேப்பர் சுற்ற, அட்டைப்பெட்டியில் வைக்க என்று 41 பேருக்கு ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு செருப்புக் கடை. ‘‘அஞ்சு நிமிஷம் ப்ரதர், இறங்கலேன்னாலும் பரவாயில்லை, வண்டி நின்னாப் போதும்!’’ என்று கைடு கெஞ்சினது இப்போதும் காதில் இருக்கிறது. அது ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

ஷில்ப்கிராம் பார்க்கிங்குக்கு வந்தபோது நாலே முக்கால். தாஜைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி போகக் கூடாது. புகையால் பளிங்கு மஞ்சளிக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் வரை போன விவகாரம் அது. அங்கிருந்து பேட்டரி வண்டி. அதற்கு ஒரு க்யூ. ஜனவரியில் ஆக்ராவில் சூரியன் ஐந்தே முக்காலுக்குள் இறங்கிவிடும். அதற்கு வெகு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவன் கோஆர்டினேட்டர். ஓடிப்போய் கடைசி ஆளாகக் கவுன்ட்டரில் கையை நுழைத்து 41 டிக்கெட் வாங்கினேன். அன்றைக்குத் தலைக்கு 20 ரூபாய். வாங்கி வந்து உயர்த்திக் காட்டினபோது பையன்கள் விசிலடித்தார்கள். ஒரு நிமிஷம் நான் ஹீரோ.

கிழக்கு வாசல். செக்யூரிட்டி. பையைத் திறக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பொருள் கூடாது, கத்தி கூடாது, செல்போன் சார்ஜர் கூடாது, ஒயர் கூடாது, கேமரா தவிர மின்சார சாமான் எதுவும் கூடாது.

சேலம் அட்டைப்பெட்டியைத் திறந்தான். உள்ளே தாஜ்மஹால். பின்னால் ஒயர்.

‘‘நஹி’’ என்றார் காவலர்.

புரிகிறதா? தாஜ்மஹாலுக்குள் தாஜ்மஹாலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது! பல்பு தாஜ் வாங்கின ஏழு பேர், பையில் சார்ஜர் வைத்திருந்த ஐந்து பேர், மொத்தம் பன்னிரண்டு பேரை ‘க்ளோக் ரூமில் வைத்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பினார்கள். க்ளோக் ரூமில் ஒரு க்யூ. அவர்கள் வைத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, ஓடி வருவதற்குள் கேட்டைச் சாத்தியாயிற்று.

நான் அந்த நேரம் கேட்டுக்கு உள்பக்கம் நின்றேன். சேலம் வெளியே. கம்பிகளுக்கு நடுவில் கேமராவை நீட்டினான். ‘‘பதினோரு படம் மிச்சமிருக்கு. நீ போ மச்சி... நல்லா எடுத்துட்டு வா.’’

உள்ளே போன 29 பேரைத் தலை எண்ணித் திருப்பிக் கூட்டி வர ஆள் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாக்குதான். எனக்குப் பார்க்க ஆசை. போனேன்.

இருபது நிமிஷம். சிவப்புக் கல் வாசலைத் தாண்டியதும், பனிக்குள்ளிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகப் புறப்பட்டு வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. பக்கத்தில் போகப் போகப் பெரிசாகிக்கொண்டே போனது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினபோது பளிங்கு, ஐஸ்கட்டியாகக் காலைக் கடித்தது. உள்ளே யாரோ ஒரு கைடு சுவரில் டார்ச் அடிக்க, ஒரு சிவப்புப் பூ கங்காக எரிந்தது. அதற்குள் காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பதினோரு படமும் எடுத்தேன். ஊருக்குப் போய்ப் பிரின்ட் போட்டபோது பதினொன்றும் ஒரே சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு கோபுரம் இருக்கிற மாதிரியும் தெரியும், இல்லாத மாதிரியும் தெரியும்.

பார்க்கிங்குக்கு வந்ததும் கைடு மேல் பாய்ந்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பாதி, வராத இங்கிலீஷில் பாதி. ‘‘சீட்டிங்! போலீஸுக்குப் போவேன்!’’ பையன்கள் சுற்றி நின்றார்கள். அவர் கோபப்படவே இல்லை. என் தோளில் கை போட்டு பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பீடி பற்றவைத்தார்.

அவர் சொன்ன கணக்கு இது. பஸ்காரர் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. ஒரு ரூபாய்கூட. கடை வாசலில் எண்ணினார்களே, அந்தச் சீட்டுக்குத் தலைக்கு இத்தனை என்று உண்டு. விற்றதில் ஒரு பங்கு. அதில் பாதியை டெல்லி ஆபீஸ்காரர் எடுத்துக்கொள்வார், டிரைவருக்கு ஒரு பங்கு, மிச்சம் இவருக்கு. தாஜை முதலில் காட்டிவிட்டால் யாரும் கடைக்கு வர மாட்டார்கள், மதுராவுக்கு விடு என்பார்கள். அதனால் தாஜ் எப்போதும் கடைசி. ‘‘இருநூற்றைம்பது ரூபாயில் டெல்லி-ஆக்ரா பஸ் ஓடுமா ப்ரதர்? டீசல் யார் போடறது? கடைக்காரன் போடறான்.’’

நான் விடவில்லை. ‘‘நீ கமிஷன் வாங்கினதால என் ஃப்ரெண்ட்ஸ் பன்னிரண்டு பேர் பார்க்கலை’’ என்றேன்.

பீடியைக் காலில் நசுக்கிக்கொண்டே கேட்டார். ‘‘உங்க சீட்டு ஃப்ரீதானே?’’

அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லவில்லை. மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டில் நடந்து போய்விட்டார். பையன்களிடம் திரும்பிப் போய், ‘‘செம டோஸ் விட்டேன்’’ என்றேன். தட்டிக் கொடுத்தார்கள்.

மதுராவைக் கடந்தபோது ராத்திரி ஒன்பதரை. கோயிலும் இல்லை, பிருந்தாவனமும் இல்லை. டெல்லி வந்து சேர்ந்தது விடியற்காலை மூன்று மணி. பஸ்ஸில் சேலம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மடியில் அட்டைப்பெட்டி. ‘‘எப்படி இருந்துச்சு?’’ என்று கேட்டான். ‘‘பனிடா, ஒண்ணுமே தெரியலை’’ என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதா, பொய்யா, இன்னமும் முடிவாகவில்லை. சனிக்கிழமை ராத்திரி திரும்பும்போது, நடுராத்திரி தாண்டி ரயில் மறுபடி ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நின்றது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் கதவுப் பக்கம் நின்றான். நான் பெர்த்தில் புரண்டு படுத்துக்கொண்டேன்.

அந்த நோட்டு வைத்திருந்த மாணவரிடம் நான் கேட்டது இரண்டே கேள்விதான். ஒன்று, தாஜ் எத்தனையாவது இடம் என்று எழுதி வாங்கியிருக்கிறாயா? எழுதித் தர மறுக்கிறவன் எதை மறுக்கிறான் என்று யோசித்துக்கொள். இரண்டாவது கேள்விக்கு அவர் முகம் வாடிவிட்டது. ‘‘ஆமா சார், எனக்கு ஃப்ரீ...’’ என்று இழுத்தார். மற்றபடி இப்போது பஸ்ஸே தேவையில்லை என்றேன். 2016-லிருந்து நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. ஆக்ராவுக்கு நூறு நிமிஷம். தாஜுக்கு லீவு என்பதால் வெள்ளிக்கிழமை அந்த ரயிலுக்கும் லீவு, அதனால் நாள் குழப்பம்கூட வராது. டிக்கெட் 50 ரூபாய், சமாதி மேடைக்கு ஏற இன்னொரு 200. பஸ்தான் என்றால் பாதிப் பணம் கையில் இருக்கட்டும், தாஜை விட்டு வெளியே வந்த பிறகு கொடு. சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் கதை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நான் அதற்கப்புறம் வேலை விஷயமாகப் போனபோதெல்லாம், மூன்று முறை தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டேன். பளிச்சென்ற வெயிலில் ஒருமுறை. சேலம் இப்போது ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். ‘வாடா போகலாம்’ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். ‘லீவு இல்லை மச்சி’ என்றான்.

அவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் இருந்த கடை அப்போது ரோட்டோரம் நாலு பெஞ்ச் போட்ட கடையாகியிருந்தது. காலையில் போய் உட்கார்ந்தேன். அவன் பத்திரிகை கொடுக்க எங்கோ போயிருந்தான். அம்மா இட்லி வைத்து, கல்சட்டியிலிருந்து புளிக்குழம்பு ஊற்றினார்கள். பின்னால் கண்ணாடி ஷோகேஸ். அதில், சாமி படங்களுக்கு நடுவில், ஒயரோடு அந்த தாஜ்மஹால்.

நான் பார்ப்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ‘‘நீயும் கூடப் போயிருந்தீல்ல கண்ணு?’’

‘‘ஆமாம்மா.’’

குரலைத் தணித்தார்கள். ‘‘கொண்டாந்து கையில குடுத்தான். தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இது மாக்கல்லு கண்ணு. இந்தா, நம்ம கல்சட்டிக் கல்லு. நகத்தால கீறுனா மாவு கொட்டும். நான் பொறந்ததுல இருந்து இதுலதான் கொழம்பு வக்கிறேன், எனக்குத் தெரியாதா? பளிங்கா இருந்தா புளி பட்ட எடம் அரிச்சுப்போவும். இதை நான் வருசா வருசம் பொங்கலுக்கு வெளக்குமாட்டம் புளி போட்டுத்தான் தேய்க்கிறேன், ஒண்ணும் ஆவுல. அவன்கிட்டச் சொல்லிராத. ரெண்டு நாளு மடியிலயே வச்சுத் தூக்கியாந்தானாம்.’’

தலையாட்டினேன்.

‘‘கல்லு எதுவா இருந்தா என்ன? எம் பையன் நேர்ல பாத்துட்டு வந்தான்ல. எப்படி இருந்துச்சுன்னு ஒரு ராத்திரி பூரா சொன்னான். பனிக்குள்ள இருந்து கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சாம். காலு ஐஸா கடிச்சுச்சாம். செவருல டார்ச்சு அடிச்சா பூ நெருப்பாட்டம் எரியுதாம்.’’

டெல்லி போகிற பஸ்ஸில், ஒன்றுமே தெரியலை என்று சொன்ன பிறகு, அவன் துருவித் துருவிக் கேட்டு என்னிடம் வாங்கியதெல்லாம் அவைதான்.

‘‘இரு, காட்டுறேன்’’ என்று ஷோகேஸைத் திறந்து, தாஜ்மஹாலுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. ‘‘உள்ள போன டிக்கெட்டு.’’

வாங்கிப் பார்த்தேன். 20 ரூபாய் டிக்கெட். வாசலில் ஓரத்தைக் கிழித்து உள்ளே அனுப்புவார்கள். இது கிழிக்காத டிக்கெட்.

திருப்பிக் கொடுத்தேன். உறையில் போட்டு, பழைய இடத்திலேயே வைத்து மூடினார்கள்.

‘‘இன்னும் ரெண்டு இட்லி வக்கட்டுமா கண்ணு?’’

‘‘வைங்கம்மா’’ என்றேன்.